நிலா பார்த்து மூலிகைத் தேநீர்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: முழுநிலவு அன்று இரவு கண்ணாடி பாட்டிலில் பச்சைப் புதினாவும் ரோஜா இதழும் போட்டு, தண்ணீர் ஊற்றி, வெளியே நிலவொளியில் வைத்தேன். காலையில் தண்ணீர் கலங்கி, மேலே நூல் நூலாக ஏதோ மிதந்தது. வாடையும் சரியில்லை. வடிகட்டிக் குடிக்கலாமா?

பதில்: வேண்டாம், கொட்டிவிடுங்கள். கெட்டுப்போன நீரை வடிகட்டி மீட்க முடியாது. எந்த இலையிலும் மண்ணிலிருந்து ஒட்டிய நுண்ணுயிர்கள் இருக்கும். 5 டிகிரி செல்சியஸுக்கும் 60 டிகிரிக்கும் இடைப்பட்ட நீரில் அவை பெருகும். இரவு முழுக்க வெளியே இருந்த உங்கள் பாட்டில் அவற்றுக்கு நல்ல தொட்டிலாகிவிட்டது. முழுநிலவின் ஒளி 0.3 லக்ஸைத் (லக்ஸ் என்பது வெளிச்சத்தை அளக்கும் அலகு) தாண்டுவதே அரிது. அறை விளக்கு வெளிச்சத்தில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. அது நீரைச் சூடாக்காது, சாற்றை இறக்காது, கிருமியையும் கொல்லாது. அந்த மூன்றையும் செய்ய வேண்டியது கொதிநீர்தான்.

அரை லிட்டர் நீரைக் கொதிக்கவிட்டு இறக்குங்கள். எவர்சில்வர் அல்லது பீங்கான் பாத்திரத்தில் உலர்ந்த புதினா 2 தேக்கரண்டியும் (பச்சையானால் இரண்டு மூன்று மடங்கு) உலர்ந்த ரோஜா இதழ் ஒரு மேசைக்கரண்டியும் போட்டு, அந்த நீரை ஊற்றி உடனே மூடுங்கள். மூடாவிட்டால் புதினாவின் மணம் ஆவியோடு போய்விடும். பலர் வீட்டில் தேநீர் ‘சப்’பென்று இருப்பதற்கு இதுதான் காரணம். 10 நிமிடம் கழித்து வடிகட்டுங்கள். கொதிநீரில் கழுவிய பாட்டிலில் நிரப்பி, மூடியிட்டு நிலவில் வையுங்கள். ஆறும் நேரத்தையும் சேர்த்து மொத்தம் 2 மணி நேரம், அதற்கு மேல் கூடாது. பிறகு ஃபிரிட்ஜில் வைத்து 24 மணி நேரத்துக்குள் குடித்துவிடுங்கள். இரவு முழுக்க நிலவில் இருந்தே ஆக வேண்டும் என்றால், கொதித்து ஆறிய வெறும் நீரை இறுக மூடி வெளியே வையுங்கள். காலையில் அதை மறுபடி கொதிக்கவிட்டு மூலிகையின் மேல் ஊற்றலாம். சடங்கும் கெடாது, வயிறும் கெடாது.

ரோஜா விஷயத்தில் இன்னொன்று: அலங்காரத்துக்கு விற்கும் பூவில் பூச்சிமருந்து அடித்திருப்பார்கள். சமையலுக்கென்று விளைந்ததை மட்டும் பயன்படுத்துங்கள்.

கேள்வி: தேய்பிறை அரைநிலவு அன்று சடங்குக்காக இரவு 9 மணிக்கு வெளியே போனால் நிலவையே காணோம். மேகமும் இல்லை. நாளைத் தவறாகக் கணக்கிட்டேனா?

பதில்: நாள் சரி, நேரம்தான் தப்பு. தேய்பிறை அரைநிலவு நள்ளிரவை ஒட்டித்தான் உதிக்கும். அதிகாலையில் எழுந்தால் உச்சியில் பார்க்கலாம். வளர்பிறை அரைநிலவு நண்பகலில் உதித்து நள்ளிரவில் மறையும், ஆகவே மாலைச் சடங்குக்கு அதுதான் தோது. முழுநிலவு சூரியன் மறையும்போது உதிக்கும். நிலவு நாளுக்குச் சராசரியாக 50 நிமிடம் தாமதமாக எழும். ஒரு முழுநிலவிலிருந்து அடுத்ததற்கு ஏறத்தாழ 29.5 நாள். இவை இரண்டும் நினைவிருந்தால் மீதியை நீங்களே கணக்குப் போடலாம்.

கேள்வி: வளர்பிறையில் பறித்த மூலிகைக்கு வீரியம் கூடுமா?

பதில்: அது மரபு நம்பிக்கை, அதை நம்பிப் பறிப்பதில் கெடுதல் இல்லை. ஆனால் கோப்பையில் தெரியும் வித்தியாசம் வேறு இடத்தில் இருக்கிறது. பனி காய்ந்தபின், வெயில் ஏறுமுன் பறியுங்கள். புதினா, துளசி போன்றவற்றைப் பூக்கத் தொடங்கும் முன் பறியுங்கள். நிழலில், 40 டிகிரியைத் தாண்டாமல், காம்பை வளைத்தால் ‘டக்’கென ஒடியும்வரை காயவையுங்கள். ஈரம் மிச்சமிருந்தால் ஜாடிக்குள் பூஞ்சை பிடிக்கும், எந்தப் பிறையில் பறித்திருந்தாலும்.

நிலவைத் தவணை நாளாகப் பயன்படுத்துங்கள் என்பதே எங்கள் யோசனை. அமாவாசைதோறும் ஜாடிகளைத் திறந்து முகர்ந்து பாருங்கள். கசக்கினால் மணம் வராத இலையும் ஓராண்டு தாண்டிய பூவும் குப்பைக்கு. வேர், பட்டை இன்னும் ஓராண்டு கூடுதலாகத் தாங்கும். அவற்றுக்குக் கொதிநீர் ஊற்றி மூடிவைத்தால் மட்டும் போதாது. சிறு தீயில் 15 முதல் 20 நிமிடம் கொதித்தால்தான் சாறு இறங்கும்.

கேள்வி: நிலவு நீரில் வண்ணக் கற்களைப் போட்டு வைக்கச் சொல்கிறார்கள். பாதுகாப்பானதா?

பதில்: குடிக்கும் நீரில் போடாதீர்கள். பச்சை மாலகைட்டில் செம்பு, கலீனாவில் ஈயம், சின்னபாரில் பாதரசம். செலனைட் என்பது ஜிப்சம், நீரில் மெல்லக் கரையும். கடையில் ஒட்டிய பெயரை வைத்து எது எதுவென்று நம்ப முடியாது. கல்லை பாட்டிலுக்கு வெளியே, அருகில் வைத்தால் போதும்.

கேள்வி: கர்ப்பமாக இருக்கும் என் தங்கை இந்தச் சடங்குகளில் மாசிபத்திரித் தேநீர் குடிக்கலாமா?

பதில்: கூடாது. பென்னிராயல் என்ற புதினா வகைச் செடியின் எண்ணெயும் கூடாது. அது ஈரலைச் சிதைக்கும் நஞ்சு. அதிமதுரத்தையும் தவிர்க்கட்டும். கர்ப்பம் இல்லாதவர்களுக்கும் அதிமதுரம் தொடர்ந்து குடித்தால் ரத்த அழுத்தம் ஏறும், பொட்டாசியம் குறையும். சாமந்திக் குடும்பப் பூக்கள் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு கெமோமில் தேநீரிலும் அரிப்பு, வீக்கம் வரலாம். வார்ஃபரின் போன்ற ரத்தம் உறையாமைக்கான மாத்திரையோ, மனச்சோர்வு மாத்திரையோ, கருத்தடை மாத்திரையோ எடுப்பவர்கள் செயின்ட் ஜான்ஸ் வொர்ட் என்ற மூலிகையின் பக்கமே போக வேண்டாம். அது மாத்திரைகளின் வேலையைக் குலைக்கும். தங்கை எந்த மூலிகையைத் தொடங்கினாலும் மருத்துவரிடம் பெயரைச் சொல்லிக் கேட்டுவிட்டுத் தொடங்கட்டும்.

கேள்வி: முழுநிலவில் பிரிஞ்சி இலையில் வேண்டுதலை எழுதி எரிக்கிறோம். சென்ற முறை தீப்பொறி தெறித்தது. ஏன்?

பதில்: காய்ந்த பிரிஞ்சி இலையில் எண்ணெய் இருப்பதால் படபடவென வெடித்து எரியும். ஒரு தடவைக்கு ஒரே இலை, அதையும் இடுக்கியால் பிடித்து, மணல் நிரப்பிய உலோகக் கிண்ணத்தின் மேல் எரியுங்கள். திரைச்சீலை அருகில் வேண்டாம், ஜன்னல் திறந்திருக்கட்டும். சாம்பல் மேல் தண்ணீர் ஊற்றி, கிண்ணம் கைக்குச் சில்லென்று ஆனபின் குப்பையில் போடுங்கள்.