பழைய பிரெஞ்சு கிராண்ட் பியானோக்களில் அத்தனை தங்க வேலைப்பாட்டையும் செய்தது யார்?

பெரும்பாலும் பியானோ கம்பெனிக்காரர்கள் இல்லை. எரார், ப்ளெயெல் போன்றவர்கள் கருவியைச் செய்தார்கள். பணக்கார வாடிக்கையாளர் ஆடம்பரம் கேட்டால், பெட்டி வேலை ஃபிரான்சுவா லிங்க் மாதிரி பாரிஸ் மரச்சாமான் கலைஞர்களிடம் போனது.

வளைந்த கால்கள், ஓரங்களில் பொன்முலாம் பூசிய வெண்கல வார்ப்பு எல்லாம் பதினெட்டாம் நூற்றாண்டு பிரெஞ்சு மன்னர் பதினைந்தாம் லூயி காலத்துப் பாணி. பூவும் கொடியும் வண்ணம் தீட்டியவை என்று நினைப்போம். பல பியானோக்களில் அது காகிதம்போல் மெலிதாகச் சீவிய வெவ்வேறு நிற மரத்தை வெட்டிப் பொருத்திய வேலை. கிட்டே போய்ப் பார்த்தால் இதழின் நடுவே மரத்தின் ரேகை தெரியும்.

செபாஸ்தியன் எரார் பிரெஞ்சுப் புரட்சியின்போது லண்டனுக்குப் போய் அங்கும் பட்டறை போட்டவர். விக்டோரியா ராணியின் 1856ஆம் ஆண்டு தங்க பியானோ அந்த லண்டன் கிளையில் செய்ததுதான். அதன்மேல் வாத்தியம் வாசிக்கும் குரங்குகள் வரைந்திருக்கும். ராணி வீட்டுப் பியானோவில் குரங்கு!

ஆனால் என்னைக் கேட்டால், தங்கத்தைவிட உள்ளே இருக்கும் பொறிதான் பெரிய விஷயம். 1821இல் எரார் காப்புரிமை பெற்ற அமைப்பில், விரலால் அழுத்திய கட்டை முழுசாக மேலே வருமுன்னே அதே ஸ்வரத்தை மறுபடி தட்டலாம். இன்றைய கிராண்ட் பியானோக்களிலும் அடிப்படை அதுவே.