கிணற்று நீச்சல் கடலுக்குள் மீன் எண்ணப் போதுமா?

கேள்வி: சொந்த ஊர் காவேரிப்பட்டணம், வேலை ஓசூரில். கிணற்றில் நீந்திப் பழகியவன். புதுச்சேரிக் கடலோரத்தில் முக்குளித்து, கடல் உயிரினங்களைக் கணக்கெடுக்கும் தன்னார்வலர்களோடு சேர ஆசை. கிணற்று நீச்சல் போதுமா? சனி இரவு பஸ் ஏறிப்போய், ஞாயிறு முக்குளித்துவிட்டு அன்று இரவே திரும்பிவிடலாமா?

பதில்: நீச்சலைப் பற்றிக் கவலையே வேண்டாம். ஸ்கூபா, அதாவது காற்று சிலிண்டர் கட்டி முக்குளிக்கும் ஆரம்பப் பயிற்சியில் 200 மீட்டர் நிற்காமல் நீந்தச் சொல்வார்கள், 10 நிமிடம் மிதக்கச் சொல்வார்கள். சுரைக்குடுக்கை கட்டிக் கிணற்றில் குதித்தவருக்கு இதெல்லாம் ஒரு பொருட்டா? சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. மூச்சை அடக்கி அடிமண்ணை அள்ளி வருவதுதானே நம் பக்கத்துக் கிணறுகளில் கெத்து? சிலிண்டரோடு இறங்கும்போது அந்தப் பழக்கமே எமன். 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் மேலே இருப்பதைப்போல் இரண்டு மடங்கு. அங்கே நுரையீரல் நிறைய இழுத்த காற்றை அடக்கிக்கொண்டு மேலே வந்தால், அது இரண்டு மடங்காக விரியப் பார்க்கும், நுரையீரல் கிழிந்துவிடும். அதனால் மூச்சு ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். சின்ன வயதுப் பழக்கம் சட்டென்று போகாது, பயிற்சியாளரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

சரி, எண்ணுவது எப்படி? உலகம் முழுக்கத் தன்னார்வலர்கள் பின்பற்றும் ரீஃப் செக் முறையில், கடலடியில் 100 மீட்டர் டேப்பை விரிப்பார்கள். அதில் 20 மீட்டர் எண்ணி, 5 மீட்டர் விட்டு, மறுபடி 20 என்று நான்கு துண்டுகள். டேப்புக்கு இரு பக்கமும் இரண்டரை மீட்டருக்குள் வருவது மட்டுமே கணக்கு. எல்லா மீனையும் தெரிந்திருக்க வேண்டியதில்லை. களவா, செப்பிலி, கிளிமீன், சிங்கி இறால், கடல் அட்டை என்று ஒரு பட்டியல் இருக்கும். பிளாஸ்டிக் பலகையில் சாதாரணப் பென்சிலாலேயே குறிக்கலாம்.

புதியவர்கள் வழுக்குவது அளவில்தான். முகக்கண்ணாடி வழியே எதுவும் மூன்றில் ஒரு பங்கு பெரிதாகத் தெரியும். களவா 30 செ.மீ.க்கு மேல் இருந்தால்தான் எண்ண வேண்டும், 24 செ.மீ. களவா உங்கள் கண்ணுக்கு 32 ஆகத் தெரியும். பலகை ஓரத்தில் ஸ்கேல் கோடு போட்டுக்கொண்டு, மீனை அதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். காலில் மாட்டிய துடுப்பால் மண்ணைக் கிளப்பாமல் அந்தரத்தில் நிற்கவும் வர வேண்டும். சான்றிதழ் வந்த மறுவாரமே கணக்கெடுப்புக்கு ஓடாதீர்கள்.

பக்கத்திலுள்ள கே.ஆர்.பி. (கிருஷ்ணகிரி) அணையில் பழகலாமே என்று தோன்றலாம். வேண்டாம். கடல் மட்டத்திலிருந்து 300 மீட்டருக்கு மேலுள்ள இதுபோன்ற நீர்நிலைக்கு ஆழம், நேரம் இரண்டின் கணக்கும் மாறிவிடும்.

இனி, பஸ் விஷயம். இதைக் கேட்டீர்களே, நல்லது. ஆழத்தில் உடலில் கரைந்த நைட்ரஜன் மெதுவாகத்தான் வெளியேறும். அதற்குள் உயரத்துக்குப் போனால் அது குமிழியாகி மூட்டுகளில், நரம்பில் சிக்கும். ஒரு நாளில் பலமுறை முக்குளித்தால் 18 மணி நேரம் விமானம் ஏறக்கூடாது என்பது விதி. ஒருமுறை என்றால் 12. சுமார் 600 மீட்டருக்கு மேல் ரோட்டில் ஏறினாலும் இதே விதிதான். ஓசூர் கிட்டத்தட்ட 900 மீட்டர். ஞாயிறு பகல் 12 மணிக்கு இரண்டாவது முறை முக்குளித்து எழுந்தால், திங்கள் காலை 6 மணிக்கு முன்னால் அந்த உயரத்துக்கு ஏறக்கூடாது. ராத்திரி பஸ் விடிவதற்குள் உங்களை அங்கே கொண்டுபோய் விட்டுவிடும். பேசாமல் திங்கட்கிழமைக்கு லீவு சொல்லிவிட்டு, ஞாயிறு இரவு புதுச்சேரியிலேயே தங்கிவிடுங்கள்.