பாய்த் தளத்தின் பெயரை அடித்தால் அல்வாக் கடை திறக்கிறதா?

தளத்தின் பெயரை சர்வரின் முகவரியாக மாற்றித் தரும் டிஎன்எஸ்ஸைத் தொடாதீர்கள், அது சரியாகத்தான் இருக்கிறது. பத்தமடைப் பாய்த் தளத்தின் பெயரை அடித்தால் அதே உபுண்டு சர்வரில் உள்ள திருநெல்வேலி அல்வாக் கடைத் தளம் திறக்கிறது என்றால், கோரிக்கை அபாச்சிவரை, அதாவது தளங்களை அனுப்பிவைக்கும் வெப் சர்வர் மென்பொருள்வரை, வந்துவிட்டது. அந்தப் பெயருக்கான விர்ச்சுவல் ஹோஸ்ட்தான் (ஒரே சர்வரில் ஒவ்வொரு தளத்துக்கும் எழுதும் தனி அமைப்பு) கிடைக்கவில்லை. பெயர் எதனோடும் பொருந்தாவிட்டால், அபாச்சி தான் முதலில் படித்த ஹோஸ்டைக் கொடுத்துவிடும். இந்த அமைப்புகள் உள்ள கோப்புகளை அகரவரிசையில் படிப்பதால், ‘ஹெச்’சில் தொடங்கும் உங்கள் அல்வாக் கோப்பு ‘பி’யில் தொடங்கும் பாய்க் கோப்பை முந்திக்கொள்கிறது.

பாய்க் கோப்பை சைட்ஸ்-அவைலபிள் ஃபோல்டரில் வைத்துவிட்டு, அதை இயக்கத்துக்குக் கொண்டுவரும் ஏ2என்சைட் கட்டளை கொடுக்க மறந்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன்.

1. அபாச்சி2சிடிஎல் கட்டளையை, சிறு கோடும் பெரிய எழுத்து எஸ்ஸும் சேர்த்து ஓட்டுங்கள். எந்தப் பெயர் எந்தக் கோப்பில், எத்தனையாவது வரியில் இருக்கிறது என்று காட்டும்.

2. பட்டியலில் பாய்த் தளம் இல்லையென்றால் ஏ2என்சைட் கொடுங்கள். கோப்பின் பெயர் ‘.கான்ஃப்’ என்று முடிய வேண்டும்.

3. இருந்தால், தளத்தின் பெயரைச் சொல்லும் சர்வர்நேம் வரியை எழுத்தெழுத்தாகப் பாருங்கள். பாளையங்கோட்டையில் ஒரு கடைக்குத் தளம் அமைத்தபோது ஓர் எழுத்து விட்டுப்போய், ஒரு மாலை முழுக்கத் தேடினேன். மூன்று டபிள்யூ போட்ட பெயருக்கு சர்வர்அலியாஸ் தனியாக வேண்டும்.

அப்புறம், அல்வாக் கடையில் வியாபாரம் நடந்துகொண்டிருக்கிறது. மாற்றங்கள் முடிந்ததும், அபாச்சி2சிடிஎல்லோடு கான்ஃபிக்டெஸ்ட் சேர்த்துக் கொடுத்து ‘சின்டாக்ஸ் ஓகே’ வந்த பிறகே அபாச்சியை ரீலோட் செய்யுங்கள்.

இதெல்லாம் சாதாரண ஹெச்டிடிபி வரும் 80-ஆம் போர்ட்டுக்குத்தான் போதும். ஹெச்டிடிபிஎஸ்ஸில் மட்டும் இன்னும் அல்வாக் கடை வந்தால், பாய்த் தளத்துக்கு ஹெச்டிடிபிஎஸ்ஸின் போர்ட்டான 443-க்கான ஹோஸ்டைத் தனியாக வைத்து, அந்தப் பெயருக்குச் செல்லும் சான்றிதழையும் வைக்க வேண்டும்.