முடித்த கேம்களின் கணக்கு யார் கையில் இருக்க வேண்டும்?

கேள்வி: காவேரிப்பட்டினம் பக்கம் மாங்கூழ் தொழிற்சாலையில் வேலை பார்க்கிறேன். செகண்ட் ஹேண்டில் வாங்கிய பிஎஸ்4-லும் (பிளேஸ்டேஷன் 4), லேப்டாப்பில் ஸ்டீம் என்ற கேம் தளத்திலும் விளையாடுகிறேன். வருடத்துக்கு எத்தனை கேம் முடிக்கிறேன் என்று கணக்கு வைக்க ஆசை. ஆனால் இரண்டு கேமை ஆன்லைனில் ஒருவரிடம் 'செகண்டரி அக்கவுண்ட்' என்று குறைந்த விலைக்கு வாங்கி முடித்திருந்தேன். இப்போது அவர் பாஸ்வேர்டை மாற்றிவிட்டார். ட்ராபி (கேமில் இலக்கை எட்டினால் விழும் பதக்கம்), சேவ் (விளையாடிய இடத்தைப் பதிந்து வைக்கும் ஃபைல்) எதுவும் என் பெயரில் இல்லை. திரும்பக் கிடைக்குமா? இனிமேல் கணக்கு வைக்க எந்த ஆப் நல்லது? காசு கட்டி வாங்கலாமா?

பதில்: அவசரப்பட்டு ஒன்றைச் செய்துவிடாதீர்கள். உங்கள் பிஎஸ்4-ல் விற்றவரின் அக்கவுண்டுக்கு என்று ஒரு யூசர் இருக்கும். கோபத்தில் பலரும் முதலில் அதைத்தான் டிலீட் செய்கிறார்கள். டிலீட் செய்தால் அந்த யூசருக்குக் கீழே இருக்கும் சேவ், ஸ்க்ரீன்ஷாட், வீடியோ மொத்தமும் அழிந்துவிடும். பாஸ்வேர்ட் மாறினாலும் அந்த யூசருக்குள் போக முடியும். நெட்வொர்க்கில் சைன் இன் மட்டும்தான் ஆகாது.

உள்ளே போய் கேப்சர் கேலரியைத் திறங்கள். செட்டிங்கை நீங்கள் மாற்றாமல் விட்டிருந்தால், ஒவ்வொரு ட்ராபி விழும்போதும் பிஎஸ்4 தானாக ஒரு படம் எடுத்து வைத்திருக்கும். பென் டிரைவைச் செருகி, ஆப்ஷன்ஸ் பட்டனை அழுத்தி, யூஎஸ்பிக்குக் காப்பி கொடுங்கள். பென் டிரைவ் எக்ஸ்ஃபேட் அல்லது ஃபேட்32 முறையில் ஃபார்மேட் ஆகியிருக்க வேண்டும். என்டிஎஃப்எஸ் என்றால் பிஎஸ்4 அதைக் கண்டுகொள்ளாது. காப்பி ஆன படத்தை லேப்டாப்பில் பார்த்தால், ஃபைல் பெயரின் கடைசியில் 14 இலக்கம் இருக்கும். உதாரணமாக 20250316223841 என்றிருந்தால், 2025 மார்ச் 16, இரவு 10 மணி 38 நிமிடம் 41 நொடி. கதை முடிந்ததற்குக் கொடுக்கும் ட்ராபியின் படம் கிடைத்துவிட்டால், நீங்கள் முடித்த தேதியும் கிடைத்துவிட்டது. கணக்குக்கு அது போதும்.

ட்ராபியையும் சேவ் ஃபைலையும் உங்கள் அக்கவுண்டுக்கு மாற்ற முடியாது. யாராவது மாற்றித் தருகிறேன் என்று காசு கேட்டால் அவரும் ஏமாற்றத்தான் பார்க்கிறார். ட்ராபி எந்த அக்கவுண்டில் விழுந்ததோ அந்த அக்கவுண்டோடுதான் இருக்கும். பிஎஸ்4 சேவ் ஃபைலும் அதே அக்கவுண்டோடு பூட்டப்பட்டது.

இந்த 'ப்ரைமரி, செகண்டரி' வியாபாரம் எப்படி நடக்கிறது என்று தெரிந்துகொண்டால் அடுத்த முறை சிக்க மாட்டீர்கள். ஒரு அக்கவுண்டை ஒரு பிஎஸ்4-ல் மட்டும் ப்ரைமரியாக ஆக்டிவேட் செய்யலாம். அந்த மெஷினில் இருக்கும் எல்லா யூசரும் அந்த அக்கவுண்டின் கேமை விளையாடலாம், அவரவர் ட்ராபி அவரவருக்கு விழும். குடும்பத்துக்காக வைத்த வசதி இது. இடைத்தரகர்கள் ஒரே கேமை ஒருமுறை வாங்கி, ப்ரைமரியை ஒருவருக்கும் செகண்டரியை இன்னொருவருக்கும் விற்கிறார்கள். செகண்டரி வாங்கியவர் நெட் இணைப்போடு, விற்றவரின் அக்கவுண்டுக்குள்ளேயே உட்கார்ந்துதான் விளையாட வேண்டும். நீங்கள் நாற்பது மணி நேரம் உழைத்தால் ட்ராபி அவருடைய ப்ரொஃபைலில் ஏறும். விலை குறைவாக இருப்பதன் காரணம் இதுதான், இதை அவர்கள் வாயைத் திறந்து சொல்வதில்லை. ப்ரைமரி வாங்கியவருக்கும் நிம்மதி கிடையாது. விற்றவர் எல்லா மெஷினையும் ஒரே தட்டில் டீஆக்டிவேட் செய்யும் வசதி ஆறு மாதத்துக்கு ஒருமுறை அவருக்குக் கிடைக்கும். அன்று உங்கள் கேம் ஐகானில் பூட்டுப் படம் வந்து நிற்கும். பிளேஸ்டேஷன் விதிப்படி அக்கவுண்டை விற்பதே தவறு என்பதால் கம்பெனியிடம் போய் நியாயம் கேட்கவும் வழியில்லை.

கம்ப்யூட்டரிலும் இதே வியாபாரம் 'ஆஃப்லைன் ஆக்டிவேஷன்' என்ற பெயரில் ஓடுகிறது. ஒரு ஸ்டீம் ஐடியும் பாஸ்வேர்டும் கொடுத்து, கேமை இறக்கியதும் ஆஃப்லைன் மோடுக்குப் போ என்பார்கள். அந்த ஐடி பலருக்கு விற்கப்பட்டிருக்கும். அதில் நீங்கள் முடித்த எந்தக் கேமும் உங்கள் ஸ்டீம் ப்ரொஃபைலில் வராது. கணக்கு வைக்க ஆசைப்படுகிறவர் இந்த வகையில் ஒரு ரூபாய்கூடச் செலவழிக்கக் கூடாது. அதே காசுக்கு செகண்ட் ஹேண்ட் டிஸ்க் வாங்குங்கள். டிஸ்க்கில் விளையாடினால் ட்ராபி உங்கள் அக்கவுண்டில் விழும், முடித்த பிறகு டிஸ்க்கை விற்றாலும் ட்ராபி போகாது. பணம் கட்டிய அன்றே ஆளைக் காணவில்லை என்றால் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அழையுங்கள். மாதம் கழித்துப் போனால் அலைச்சல்தான் மிச்சம்.

இனி கணக்கு. ஆப்புக்குக் காசு கட்ட வேண்டியதில்லை. ஒரு கூகுள் ஷீட்டில் எட்டுக் கட்டம் போட்டால் போதும்: கேமின் பெயர், எதில் விளையாடியது, யார் அக்கவுண்ட், தொடங்கிய தேதி, முடித்த தேதி, நிலை, மணி நேரம், நிறுத்திய இடம். நிலைக்கு நான்கே சொல் வைத்துக்கொள்ளுங்கள்: ஓடுகிறது, நிறுத்தி வைத்தது, முடிந்தது, விட்டது. டேட்டா வேலிடேஷனில் டிராப்டவுனாக வைத்துவிட்டால், ஒரு நாள் 'முடிந்தது', மறுநாள் 'முடிச்சாச்சு' என்று எழுதி ஃபில்டர் குழம்பாது.

தேதியில் ஒரு கண்ணி இருக்கிறது. ஷீட்டின் லொகேல் (எந்த நாட்டு முறை என்ற செட்டிங்) அமெரிக்கா என்று இருந்தால், மார்ச் 5 என்று நினைத்து 05/03 எழுதுவீர்கள், அது மே 3 என்று எடுத்துக்கொள்ளும். 16/03 எழுதினால் பதினாறாவது மாதம் இல்லாததால் அதைத் தேதியாகவே ஏற்காமல் வெறும் எழுத்தாக வைத்துக்கொள்ளும். கண்டுபிடிப்பது சுலபம். தேதியாக ஏற்றது கட்டத்தின் வலப்பக்கம் ஒட்டி நிற்கும், எழுத்தாக நிற்பது இடப்பக்கம் ஒட்டி நிற்கும். கம்ப்யூட்டரில் ஃபைல், செட்டிங்ஸ் போய் லொகேலை இந்தியா என்று முதல் நாளே மாற்றிவிடுங்கள். ஆண்டுக் கடைசியில் ஃபார்முலா எல்லாம் வேண்டாம். 'முடிந்தது' என்று ஃபில்டர் போட்டு, அந்த ஆண்டில் முடித்த கேம்களின் பெயர்களை மட்டும் தேர்ந்தெடுத்தால் கீழே வலது மூலையில் எண்ணிக்கை வரும்.

'நிறுத்திய இடம்' என்ற கட்டத்தை வீண் என்று நினைத்து விட்டுவிடாதீர்கள். உங்களுக்கு அதுதான் மிக முக்கியம். மே முதல் ஜூலை வரை மாங்காய் வரத்து இருக்கும்போது ஷிப்ட் முடிந்து வந்து கண்ட்ரோலரைத் தொடக்கூட உடம்பில் தெம்பு இருக்காது. ஆகஸ்டில் திரும்பத் திறந்தால் எந்தப் பட்டன் எதற்கு, யாரைத் தேடிப் போனோம், எதுவும் நினைவிருக்காது. பாதியில் நிற்கும் கேம்கள் நிரந்தரமாக நின்றுபோவதற்கு இதுதான் பெரிய காரணம், கேம் கடினம் என்பது இல்லை. நிறுத்தும் அன்று மூன்றே விஷயம் எழுதுங்கள்: எந்த மிஷனில் நிற்கிறது, அடுத்து போக வேண்டிய இடம் எது, வழக்கமாக அழுத்தும் இரண்டு பட்டன் சேர்க்கை என்ன. 'குகைக்கு வெளியே, அடுத்தது வடக்கே பாலம், எல்1 பிடித்து சதுரம்' என்று இருந்தால் கால் மணி நேரத்தில் பழைய கைக்கு வந்துவிடுவீர்கள்.

விட்டுப்போன மாதங்களையும் நிரப்பலாம். ஸ்டீமில் ட்ராபிக்குப் பெயர் அச்சீவ்மென்ட்; ஒவ்வொன்றுக்கும் கிடைத்த தேதியும் நேரமும் இருக்கும். கதையின் கடைசிக்கு உரியதைப் பார்த்து எழுதுங்கள். பிஎஸ்4-ல் ட்ராபியைத் திறந்தால் தேதி தெரியும். அச்சீவ்மென்டே இல்லாத பழைய கேம் என்றால் சேவ் ஃபைலின் ப்ராப்பர்ட்டீஸில் கடைசியாக மாறிய தேதியைப் பாருங்கள். செகண்ட் ஹேண்ட் பிஎஸ்4 என்பதால் இன்னொன்றும் சோதிக்க வேண்டும். ப்ளக்கைப் பிடுங்கி வைத்துவிட்டு மறுநாள் போட்டால் தேதி தப்பாக வருகிறதா? உள்ளே இருக்கும் சிஆர்2032 பட்டன் பேட்டரி செத்துவிட்டது. அதை மாற்றும் வரை, ஆன் செய்ததும் நெட்டில் இணைத்து நேரத்தைச் சரிசெய்துவிட்டு விளையாடுங்கள். இல்லாவிட்டால் படத்தின் தேதியும் தப்பாகத்தான் விழும்.

மெஷினை ஃபார்மேட் செய்யும் முன் ட்ராபி பக்கத்தில் ஆப்ஷன்ஸ் அழுத்தி பிளேஸ்டேஷன் நெட்வொர்க்கோடு சிங்க் செய்யுங்கள். நெட் இல்லாமல் விளையாடி வாங்கிய ட்ராபி சிங்க் ஆகும் வரை அந்த ஹார்ட் டிஸ்க்கில் மட்டும்தான் இருக்கிறது. மாதாந்திரப் பராமரிப்பு மின்தடையை முன்பே அறிவிக்கிறார்கள், சமாளிக்கலாம். சொல்லாமல் போகும் கரண்டுக்கு ஒரு 600 விஏ யூபிஎஸ் வைத்தால், சேவ் செய்துவிட்டு முறையாக அணைக்கிற அளவுக்கு நேரம் கொடுக்கும்.

எதை 'முடிந்தது' என்பது? கதையுள்ள கேமில் கடைசியில், சினிமாவில் வருவது போல, உருவாக்கியவர்களின் பெயர்ப்பட்டியல் ஓடினால் முடிந்தது. நூறு சதவீதம், பிளாட்டினம் (மற்ற எல்லா ட்ராபியும் வாங்கினால் விழுவது) எல்லாம் தனி ஆசை, அதைக் குறிப்பில் எழுதுங்கள். டிசம்பரில் தொடங்கி ஜனவரியில் முடித்தால் ஜனவரியின் ஆண்டுக்கு. ஃப்ரீ ஃபயர், பிஜிஎம்ஐ போன்ற முடிவே இல்லாத கேம்களை இந்தப் பட்டியலில் சேர்க்கவே வேண்டாம்.

பெயர்ப்பட்டியலை நம்ப முடியாத கேம்களும் உண்டு. அதில் பெரிய ஏமாற்றுக்காரன் 2017-ல் வந்த 'நியர் ஆட்டமேட்டா'. அதற்கு ஏ முதல் இசட் வரை 26 முடிவுகள். முதல் சுற்று முடிந்து பெயர்ப்பட்டியல் ஓடியதும் முடிந்துவிட்டது என்று மூடி வைத்தவர்கள் ஏராளம். அது 'ஏ' முடிவு மட்டும்தான். அதே கதையை இன்னொரு பாத்திரத்தின் கண்ணால் பார்க்கும் இரண்டாம் சுற்று 'பி'. அதற்குப் பிறகுதான் யாரும் பார்க்காத புதுக் கதையே தொடங்கி 'சி', 'டி', 'ஈ' என்று போகிறது. மீதியில் பெரும்பாலானவை விளையாட்டுக்கு வைத்தவை. அதில் ஒரு கானாங்கெளுத்தி மீனைச் சாப்பிட்டால் நாயகி இறந்து, பெயர்ப்பட்டியல் விறுவிறுவென்று ஓடி 'கே' முடிவு என்று வரும். அதை எழுதி ஒரு கேம் கணக்கில் ஏற்ற முடியுமா? இந்தக் கேமுக்கு 'ஏ' வந்த அன்று 'ஓடுகிறது' என்றே விட்டு, நிறுத்திய இடத்தில் 'ஏ ஆனது' என்று எழுதுங்கள். 'ஈ' வந்த தேதிதான் முடித்த தேதி. 'ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2'-லும் அவசரப்படக் கூடாது. ஆறாம் அத்தியாயத்தோடு எல்லாம் முடிந்தது போலத் தோன்றும், ஆனால் இரண்டு பாகப் பின்கதை இருக்கிறது. அதையும் முடித்த பிறகே எழுத வேண்டும்.

மணி நேரக் கணக்கை அப்படியே நம்பாதீர்கள். கேமைத் திறந்து வைத்துவிட்டுச் சாப்பிடப் போனாலும் ஸ்டீமில் மணி ஏறிக்கொண்டே இருக்கும். 'ஹவ் லாங் டு பீட்' தளத்தில் கதை மட்டும், கூடுதல் வேலைகளோடு, முழுவதும் என்று மூன்று அளவு போட்டிருப்பார்கள். உங்கள் எண் அவற்றை விட ரொம்ப விலகினால் மெனுவில் தூங்கிய நேரமும் சேர்ந்திருக்கிறது.

ஆண்டுக் கடைசியில் ஸ்டீமும் பிளேஸ்டேஷனும் கலர் கலராக ஒரு தொகுப்பு அனுப்புகிறார்களே, அது போதாதா என்றால், போதாது. ஸ்டீமின் தொகுப்பு டிசம்பர் நடுவிலேயே கணக்கை மூடிவிடும். ஆஃப்லைனில் விளையாடியது அதில் வராது. எத்தனை கேம் திறந்தீர்கள் என்று சொல்லும், எத்தனை முடித்தீர்கள் என்று சொல்லாது. நிண்டெண்டோ ஸ்விட்சில் மெஷின் அளவில் ட்ராபி முறையே இல்லை. பிஎஸ்5-ல் இன்னும் மோசம். பிஎஸ்4 கேமின் சேவ் ஃபைலை யூஎஸ்பியில் எடுக்கலாம், பிஎஸ்5 கேமின் சேவ் ஃபைலை அப்படித் தனியாக எடுக்க முடியாது. தனியாக வைக்க வேண்டுமென்றால் சந்தா கட்டி கிளவுடில்தான் வைக்க வேண்டும். தன் சேவ் ஃபைலைத் தானே பென் டிரைவில் வைத்துக்கொள்ள விடாததற்கு எந்தத் தொழில்நுட்பக் காரணமும் எனக்குப் புலப்படவில்லை, சந்தாவைத் தவிர. காசு கொடுத்து வாங்கிய கேமுக்கே உறுதி இல்லை. 2014-ல் வந்த 'தி க்ரூ' கேமின் சர்வரை 2024 மார்ச் 31 அன்று அணைத்ததும், வாங்கியவர்களால் அதைத் திறக்கவே முடியாமல் போயிற்று. கேம் கணக்கு வைக்கும் தளமாக இருந்த 'ராப்டர்' 2017-ல் மூடப்பட்டது. 'பேக்லாக்ட்' போன்ற தளங்கள் நன்றாக இருக்கின்றன, அட்டைப்படத்தோடு அழகாகக் காட்டும், சேருங்கள். ஆனால் மூலக் கணக்கு உங்கள் ஷீட்டாக இருக்கட்டும், தளம் அதன் நகலாக இருக்கட்டும். மாதம் ஒருமுறை ஷீட்டை எக்செல் ஃபைலாக இறக்கி, அந்த ஸ்க்ரீன்ஷாட் இருக்கும் பென் டிரைவிலேயே போட்டுவையுங்கள்.

கடைசியாக, அந்த இரண்டு கேம். அவற்றையும் பட்டியலில் தயங்காமல் சேருங்கள். முடித்தது நீங்கள்தான். நிலையில் 'முடிந்தது', தேதி படத்தில் இருப்பது, 'யார் அக்கவுண்ட்' என்ற கட்டத்தில் 'விற்றவருடையது'. படங்களை லேப்டாப்பில் ஒரு முறை, பென் டிரைவில் ஒரு முறை திறந்து பார்த்து உறுதியான பிறகு பிஎஸ்4-ல் அந்த யூசரை டிலீட் செய்துவிடலாம்.