உப்புத் தண்ணீரில் பல்பு ஏன் எரியவில்லை?

கேள்வி: மகள் ஏழாம் வகுப்பு. இரண்டு டார்ச் செல், ஒரு டார்ச் பல்பு, ஒயர் வைத்து எதெது மின்சாரத்தைக் கடத்தும் என்று சோதித்தாள். ஆணி, கரண்டி வைத்தால் பல்பு எரிகிறது. உப்புத் தண்ணீருக்கும் பென்சில் கரிக்கும் எரியவே இல்லை. எங்கே தவறு?
- வாசகி, திண்டுக்கல்

பதில்: குழந்தை செய்ததில் தவறே இல்லை. இந்தச் சோதனைக்கு அந்தப் பல்பு சரிப்படாது, அவ்வளவுதான். டார்ச் பல்பு நன்றாக எரிய ஏறக்குறைய 300 மில்லிஆம்பியர் வேண்டும். உப்புத் தண்ணீரில் கரன்ட் ஓடத்தான் செய்கிறது. இழையைச் சிவக்கவைக்க அது போதவில்லை.

சிவப்பு எல்.இ.டி. ஒன்று வாங்குங்கள். ஒன்றிரண்டு மில்லிஆம்பியருக்கே கண்ணுக்குத் தெரியும்படி ஒளிரும். 9 வோல்ட் பேட்டரியின் பிளஸ்ஸில் 470 ஓம் ரெசிஸ்டர், அதன் மறுமுனையில் எல்.இ.டி.யின் நீளக் கால். குட்டைக் காலிலிருந்து ஒரு ஒயர், பேட்டரியின் மைனஸிலிருந்து ஒரு ஒயர். இந்த இரண்டு நுனிகளுக்கு நடுவில் பொருளை வையுங்கள். ரெசிஸ்டரை விட்டுவிட்டால் நுனிகள் தொட்ட உடனே எல்.இ.டி. போய்விடும்.

முதலில் டிஸ்டில்டு வாட்டர்: ஒளி இருக்காது, இருந்தாலும் மிக மங்கல். சர்க்கரை போட்டுக் கலக்குங்கள், மாற்றம் இல்லை. இன்னொரு டம்ளரில் ஒரு ஸ்பூன் உப்பு போட்டால் பளிச்சென்று எரியும். உப்பு கரையும்போது மின்னூட்டமுள்ள அயனிகளாகப் பிரிகிறது, சர்க்கரை அப்படிப் பிரிவதில்லை. மைனஸ் ஒயர் நுனியை உற்றுப் பாருங்கள், பொடிப்பொடியாகக் குமிழ் ஏறும், அது ஹைட்ரஜன்.

பென்சில் கரி என்பது களிமண் கலந்த கிராஃபைட். ஹெச் வகையில் களிமண் அதிகம், பி வகையில் கிராஃபைட் அதிகம். 6பி பென்சிலின் இருபுறமும் சீவி நுனிகளை வைத்தால் நன்றாக எரியும். பெயின்ட் அடித்த இரும்பைச் சுரண்டிவிட்டுத்தான் சோதிக்க வேண்டும். பிளக் பாயின்ட் பக்கம் மட்டும் இந்தச் சோதனையைக் கொண்டுபோகவே கூடாது.

கேள்வி: பழைய மோட்டாரில் எடுத்த செம்புக் கம்பி. மல்டிமீட்டரில் தொடர்ச்சி காட்டவில்லை. கம்பி அறுந்திருக்குமா?
- வாசகர், கோவை

பதில்: வெறும் செம்பு போலத் தெரிந்தாலும் அதன்மேல் எனாமல் பூச்சு இருக்கிறது. இரு முனைகளிலும் ஒரு சென்டிமீட்டர் உப்புத்தாளால் தேய்த்துவிட்டுப் பாருங்கள்.

கேள்வி: ரப்பர் செருப்பு போட்டு மர ஸ்டூலில் நின்றால், மெயினை அணைக்காமல் ஸ்விட்ச் மாற்றலாமா?
- வாசகர், தஞ்சாவூர்

பதில்: கூடாது. உலர்ந்த ரப்பரும் மரமும் கால் வழியாகத் தரைக்குப் போகும் பாதையைத்தான் தடுக்கும். ஒரு கை ஃபேஸிலும் மறு கை நியூட்ரலிலும் பட்டால் கரன்ட் நெஞ்சு வழியாகப் போகும். செருப்புக்கு அங்கே வேலையே இல்லை. ஈரத்தோலோடு உடலின் தடை ஏறக்குறைய 1,000 ஓம் வரை இறங்கிவிடும். 230 வோல்ட்டுக்கு அது 230 மில்லிஆம்பியர், உயிரைப் பறிக்கும் அளவு. கரன்ட் தரைக்குக் கசியாததால் 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி.யும் (கசிவைக் கண்டதும் கரன்ட்டைத் துண்டிக்கும் பாதுகாப்பு ஸ்விட்ச்) விழாது. மெயினை அணையுங்கள். அணைக்கும் முன் டெஸ்டரை உயிருள்ள ஒரு பாயின்ட்டில் வைத்து எரிகிறதா பாருங்கள், அணைத்தபின் வேலை செய்யும் இடத்தில் வையுங்கள். கெட்டுப்போன டெஸ்டரும் எரியாது.