நகராட்சியில் போக்குவரத்துப் பொறியியல்: ஒரு தாயாரின் கேள்விக்குப் பதில்

அன்புள்ள அம்மா,

சிவில் பொறியியல் மூன்றாம் ஆண்டு படிக்கும் தங்கள் மகள், மாநகராட்சியிலோ நகராட்சியிலோ போக்குவரத்துப் பொறியியல் சார்ந்த பணிக்குப் போக விரும்புவதாகவும், "டிராஃபிக் என்றால் அது போலீஸ் வேலைதானே, அதற்குப் பொறியாளர் எதற்கு?" என்று வீட்டில் எல்லோரும் கேட்பதாகவும் எழுதியிருந்தீர்கள். வெயிலில் சாலையில் நிற்க வேண்டியிருக்குமோ என்ற கவலையும் கடிதத்தில் தெரிந்தது. இரண்டுக்கும் ஒளிவுமறைவின்றிப் பதில் சொல்கிறேன்.

காவலர், சாலையில் வந்துவிட்ட வண்டிகளை ஒழுங்குபடுத்துகிறார். அந்த வண்டிகள் எங்கே நிற்க வேண்டும், எத்தனை விநாடி பச்சை விளக்கு எரிய வேண்டும், பேருந்து நிறுத்தம் சந்திப்பிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்க வேண்டும், நடந்து போகிறவர் சாலை நடுவிலுள்ள தடுப்பான மீடியனை எந்த இடத்தில் கடப்பார் என்பவற்றையெல்லாம் முன்கூட்டியே முடிவு செய்பவர் பொறியாளர். வேகத்தடையையே எடுத்துக்கொள்ளுங்கள். சாலைகளுக்கான தர அளவுகளை வகுக்கும் அமைப்பான, 1934-இல் தொடங்கப்பட்ட இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ் வகுத்த நெறிமுறைப்படி, மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்தில் கடப்பதற்கான வேகத்தடை, வண்டி போகும் திசையில் 3.7 மீட்டர் அகலமும் நடுவில் 10 சென்டிமீட்டர் உயரமும் கொண்டு வளைவாக இருக்க வேண்டும். நம் தெருக்களில் ஓரடி அகலத்தில் சுவர்போல எழுப்பி வைத்திருக்கும் மேடுகளில் முதுகு நோகாதவர்கள் குறைவு. பின்னிருக்கையில் குழந்தையோடு அமர்ந்து செல்லும் தாய்மார்கள் தவறி விழுவதும் அங்கேதான். அளவு தெரிந்த ஒருவர் எஸ்டிமேட் போட்டு, ஒப்பந்ததாரர் செய்ததை டேப் வைத்து அளந்து பார்த்திருந்தால் அந்த மேடு அப்படி அமைந்திருக்காது.

இந்த வேலையின் உயிர் எண்ணிக்கையில் இருக்கிறது. ஒரு சந்திப்புக்கு சிக்னல் நேரம் குறிக்க வேண்டுமென்றால், காலை நெரிசல் நேரத்தில் ஒவ்வொரு பக்கமும் ஆள் நிறுத்தி, 15 நிமிடத்துக்கு ஒரு தாள் வீதம், நேராகப் போவது எத்தனை, இடது, வலது திரும்புவது எத்தனை என்று கோடு போட்டு எண்ணுவார்கள். இப்போது கேமரா வழியாகவும் எண்ணுகிறார்கள். பிறகு, காரை 1 என்று கொண்டு, இருசக்கர வண்டிக்கு 0.5 அல்லது 0.75, பேருந்துக்கு 2.2 அல்லது 3.7 என்று, மொத்த வண்டிகளில் அந்தந்த வகையின் பங்கைப் பொறுத்துக் கணக்கிட்டு, எல்லாவற்றையும் ஒரே அலகுக்குக் கொண்டுவருவார்கள். சிக்னல் நேரத்தைக் கணக்கிட 1958-இல் இங்கிலாந்தில் வெப்ஸ்டர் என்ற ஆய்வாளர் தந்த சூத்திரம் இன்றும் நம் கல்லூரிகளில் கற்பிக்கப்படுகிறது. எல்லாப் பக்கமும் ஒரு முறை பச்சை விளக்கு பெற்று முடிவதே ஒரு சுற்று. அதன்படி, ஒரு சுற்றில் விளக்கு மாறும்போது வீணாகும் நேரம் 12 விநாடியாகவும், சந்திப்பின் கொள்திறனில் வண்டிகள் எடுத்துக்கொள்ளும் பங்கு 0.70 ஆகவும் இருந்தால் ஒரு முழுச் சுற்றுக்கு ஏறத்தாழ 77 விநாடி போதும். அந்தப் பங்கு 0.85 ஆனால் 153 விநாடி, அதாவது இரு மடங்கு தேவைப்படும். சந்திப்பை ஒட்டி நிற்கும் ஒரு சரக்கு ஆட்டோ ஒரு தடத்தை அடைத்துக்கொண்டாலே இந்தப் பங்கு ஏறிவிடும் என்பதால், பல இடங்களில் மேம்பாலம் கேட்பதற்கு முன்னால் அந்த வண்டிக்கு வேறு இடம் ஒதுக்குவதே சரியான பொறியியல்.

நடப்பவர்களுக்கும் இதே கணக்கு உண்டு. விநாடிக்கு 1.2 மீட்டர் நடை என்று வைத்துக்கொண்டால் 14 மீட்டர் சாலையைக் கடக்க 12 விநாடி ஆகும், விநாடிக்கு 0.8 மீட்டர் நடக்கும் முதியவருக்கு 17 விநாடிக்கும் மேல் ஆகும். ஓர் ஊரில் புதிதாகப் பூசிய வெள்ளைக் கோடுகள் நேராக மீடியன் சுவரில் போய் முட்டி நின்றதைப் பார்த்தேன். அதைத் தாண்டுவதற்கு இடைவெளியே விடவில்லை. சேலையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு அந்தச் சுவரில் ஏறி இறங்கிய ஒரு மூதாட்டியை இன்னும் மறக்க முடியவில்லை. தங்கள் மகளைப் போன்றவர்கள் இந்தத் துறைக்கு வர வேண்டும் என்று நான் மனதார விரும்புவதற்கு அந்தக் காட்சியும் ஒரு காரணம்.

இப்போது கசப்பான உண்மை. தமிழ்நாட்டின் பெரும்பாலான உள்ளாட்சிகளில் 'போக்குவரத்துப் பொறியாளர்' என்ற பெயரில் தனிப் பணியிடம் கிடையாது. உதவிப் பொறியாளராகச் சேர்ந்தால் சாலை, மழைநீர் வடிகால், கட்டடம் எல்லாவற்றையும் பார்க்க வேண்டியிருக்கும். போக்குவரத்து அவற்றில் ஒரு பகுதிதான். அதிலும் ஒரே சந்திப்பில் ஒரு சாலை நெடுஞ்சாலைத் துறைக்கும், இன்னொன்று மாநகராட்சிக்கும், சிக்னல் காவல் துறையின் பொறுப்புக்கும், கம்பம் மின்வாரியத்துக்கும் உரியதாக இருக்கும். ஆட்சியர் தலைமையிலான சாலைப் பாதுகாப்புக் குழுவில் இவர்கள் எல்லோரையும் ஒரு வரைபடத்துக்கு இசைய வைக்கும் பொறுமை, சூத்திரங்களைவிட அதிகமாகத் தேவைப்படும். பொறுப்பும் கூடியிருக்கிறது: மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தத்தில் சேர்ந்த 198ஏ பிரிவு, சாலை வடிவமைப்புத் தரத்தைப் பின்பற்றாததால் உயிரிழப்போ ஊனமோ நேர்ந்தால், பொறுப்பான அதிகார அமைப்புக்கும் ஒப்பந்ததாரருக்கும் ஆலோசகருக்கும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க இடம் தருகிறது.

மேற்படிப்பைப் பொறுத்தவரை, அண்ணா பல்கலைக்கழகத்தின் கிண்டி பொறியியல் கல்லூரி, திருச்சி என்.ஐ.டி., சென்னை ஐ.ஐ.டி. மூன்றிலும் போக்குவரத்துப் பொறியியலில் முதுநிலைப் படிப்பு உண்டு. ஆகவே முதுநிலைப் பொறியியல் சேர்க்கைக்கான கேட் (GATE) தேர்வுக்கு இப்போதே தயாராகத் தொடங்குவது நல்லது. அண்ணா பல்கலைக்கழகச் சேர்க்கைக்குச் சீட்டா (CEETA-PG) என்ற மாநில நுழைவுத் தேர்வும் உதவும். உள்ளாட்சிப் பொறியாளர் பணியிடங்கள் சில முறை அரசுப் பணியாளர் தேர்வாணையம் வழியாகவும், சில முறை நகராட்சி நிர்வாகத் துறையின் தனி அறிவிப்பு வழியாகவும் நிரப்பப்படுவதால், இரண்டையும் கவனித்துவர வேண்டும். தேர்வாணையத் தேர்வில் பத்தாம் வகுப்புத் தரத் தமிழ்த் தகுதித் தாளில் 40 விழுக்காடு எடுத்தே ஆக வேண்டும். ஆங்கில வழியில் படித்த பிள்ளைகள் இதை அலட்சியம் செய்து வாய்ப்பை இழக்கிறார்கள். அரசுப் பணி கிடைக்கும் வரை, சாலைப் பாதுகாப்புத் தணிக்கையும் திட்ட அறிக்கையும் தயாரிக்கும் ஆலோசனை நிறுவனங்களில் சேரலாம். அந்த அனுபவம் வீண்போகாது. சென்னையில் கும்டா எனப்படும் ஒருங்கிணைந்த பெருநகரப் போக்குவரத்துக் குழுமம் இயங்குவதையும், 2019-இல் பாண்டி பஜார் நடைபாதை வளாகமாக மாறியதையும் பார்க்கும்போது, இந்தப் படிப்புக்கான தேவை வளர்கிறது என்றே கருதுகிறேன்.

வெயிலைப் பற்றிக் கேட்டீர்கள். ஆம், களப்பணி உண்டு; தார் போடும் நாளில் இரவு வேலையும் உண்டு. அது தங்கள் மகளுக்கு ஒத்துவருமா என்பதை நானோ தாங்களோ தீர்மானிக்க வேண்டாம். வரும் விடுமுறையில் வீட்டுக்கு அருகிலுள்ள ஒரு சந்திப்பில், காலை 8 மணி முதல் 10 மணி வரை, மூன்று வேலை நாள்கள், ஒரு தோழியோடு நின்று வண்டிகளையும் சாலையைக் கடப்பவர்களையும் எண்ணச் சொல்லுங்கள். முதல் நாள் ஆர்வம் எல்லோருக்கும் இருக்கும், மூன்றாம் நாள், "செவ்வாய்க்கிழமை மட்டும் ஏன் கூட்டம் அதிகம்?" என்று அவராகவே கேட்டால், தயங்காமல் இந்த வழியில் அனுப்புங்கள். எண்ணிய தாள்களை எனக்கும் அனுப்பச் சொல்லுங்கள். அவற்றை வைத்து அடுத்த கடிதத்தில் மேற்படிப்பு பற்றி விரிவாக எழுதுகிறேன்.