வாடகை வீட்டுக்கு வாய்ப்பேச்சு போதுமா, எழுதித்தான் ஆக வேண்டுமா?

கேள்வி கேட்டவர் கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய வேலந்தாவளம் பக்கம் வீடு பார்த்திருக்கிறார். வீட்டுக்காரர் "எழுத்தெல்லாம் எதுக்கு, வாய்ப்பேச்சு போதும்" என்கிறாராம். அது சட்டப்படி செல்லுமா என்று கேட்கிறார்.

செல்லும். ஆனாலும் எழுதி வாங்குங்கள். அதே மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறையில் பத்திரம் என்று எதுவும் இல்லாமல் எட்டு வருடம் குடியிருந்தவன் என்பதால் சொல்கிறேன்.

எங்கள் வீட்டுக்காரர் ஓய்வுபெற்ற வாத்தியார். ஊரே அவரை மாஷ் என்றுதான் கூப்பிடும். மலையாளிதான், ஆனால் எங்களிடம் தமிழில் பேசுவார். 2011இல் அவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து அட்வான்ஸ் ஐம்பதாயிரம், வாடகை மூவாயிரம் என்று பேசி முடித்தோம். பணத்தைக் கையில் கொடுத்தேன், சாவியை வாங்கிக்கொண்டேன். அத்தனை வருடத்தில் மாஷ் ஒருநாள்கூட முகம் சுளித்ததில்லை.

2019இல் மாஷ் தவறிவிட்டார். பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும், வளைகுடாவிலிருந்து வந்திருந்த மகன் "அண்ணா, வீட்டை விக்கப் போறோம், காலி பண்ணித் தரணும்" என்றான். சரி, அட்வான்ஸைக் கொடுத்துவிடு தம்பி என்றேன். "இருபதாயிரம்தானே? அம்மாகிட்ட அச்சன் அப்படித்தான் சொல்லியிருக்கார்" என்றான். அவனைப் பொய்யன் என்று சொல்ல மாட்டேன். பேசிக்கொண்டது மாஷும் நானும் மட்டும்தான், அவனுக்கு எப்படித் தெரியும்?

கரண்ட் பில் மாஷ் பெயரில் வரும். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை அவரே கட்டிவிட்டு வாடகையோடு சேர்த்து வாங்கிக்கொள்வார். அந்தக் கணக்குக்காக என் மனைவி அடுக்களை ஆணியில் ஒரு நாற்பது பக்க நோட்டைத் தொங்கவிட்டிருந்தாள். தேதி, வாடகை, மீட்டர் ரீடிங், பக்கத்தில் மாஷின் கையெழுத்து. தாளிப்பு எண்ணெய் தெறித்து அட்டையெல்லாம் பிசுக்கு. அன்று ராத்திரி அதைப் புரட்டினபோதுதான் அட்டையின் உள்பக்கம் மலையாளத்தில் ஒரு வரி கண்ணில் பட்டது. எனக்கு மலையாளம் பேச வரும், வாசிக்க வராது. 50,000 என்ற எண் மட்டும் புரிந்தது. மறுநாள் மகனிடம் நீட்டினேன். "அட்வான்ஸ் 50,000 கிட்டி" என்று வாசித்தவன், அந்த வரியின் மேல் கட்டைவிரலை வைத்தபடி கொஞ்ச நேரம் நின்றான். "அச்சன் எழுத்துதான்" என்றான். இரண்டு தவணையில் முழுப் பணமும் வந்தது. அந்த ஒரு வரி இல்லையென்றால் முப்பதாயிரம் போயிருக்கும்.

இனி சட்டம். 1882ஆம் வருடச் சொத்து மாற்றச் சட்டப்படி, ஒரு வருடத்துக்கு மேற்படாத வாடகைக்கு வாய்ப்பேச்சும் வீட்டை ஒப்படைப்பதும் போதும். வருடம் தாண்டினால் பதிவு செய்தாக வேண்டும். எல்லோரும் 11 மாதத்துக்கே எழுதுவது இதனால்தான். கேரளத்தில் 1965ஆம் வருட வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வாய்ப்பேச்சில் குடியேறியவரையும் காக்கிறது. சட்டம் சொல்லும் காரணத்தைக் காட்டி, வாடகைக் கட்டுப்பாட்டு நீதிமன்றம் வழியாகத்தான் காலி செய்ய வைக்க முடியும். தண்ணீரையும் கரண்டையும் நிறுத்தித் துரத்த முடியாது. வாடகைக்கு ரசீது கேட்பதும் உங்கள் உரிமை. ஆனால் இந்தச் சட்டம் அரசு அறிவித்த பகுதிகளுக்குத்தான், உங்கள் பஞ்சாயத்து அதில் வருகிறதா என்று ஒரு வக்கீலிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அந்தப் பக்கம் பொள்ளாச்சி மாதிரி நகரத்தில் வீடு என்றால் கதை வேறு. 2019 பிப்ரவரியில் அமலுக்கு வந்த தமிழ்நாட்டுச் சட்டம் எழுத்து ஒப்பந்தம் வேண்டும் என்கிறது, அதை வாடகை அதிகாரியிடம் பதியவும் சொல்கிறது.

எல்லையில் இருப்பவர்கள் தவறுகிற இடம் ஒன்று உண்டு. கோவைக்கோ பொள்ளாச்சிக்கோ போகிற வழியில் தமிழ்நாட்டு முத்திரைத்தாளை வாங்கி வந்து, கேரளத்து வீட்டுக்கு எழுதிவிடுகிறார்கள். வீடு எந்த மாநிலத்திலோ அந்த மாநிலத் தாளில் எழுதுங்கள். முத்திரைத் தீர்வை சரியாகக் கட்டாத பத்திரத்தை, பாக்கியும் அபராதமும் கட்டாமல் நீதிமன்றம் சான்றாக எடுக்காது.

மொழியையும் பாருங்கள். பாலக்காடு மாவட்டத்துச் சித்தூரில் என் மைத்துனர் மலையாளப் பத்திரத்தில் வாசிக்காமலே கையெழுத்துப் போட்டார். காலி செய்யும்போதுதான் வெள்ளையடிக்க ஒரு மாத வாடகை பிடிக்கலாம் என்று அதில் இருந்தது தெரிந்தது. வாசிக்கத் தெரிந்த ஒருவரை வைத்து வரிவரியாகக் கேளுங்கள், தமிழில் ஒரு நகல் வைத்துக்கொள்ளுங்கள். அட்வான்ஸ் எவ்வளவு, காலி செய்தால் எத்தனை நாளில் திரும்பும், எதற்கெல்லாம் பிடிப்பார்கள் என்பது கட்டாயம் இருக்க வேண்டும். மற்றதெல்லாம் அப்புறம். அட்வான்ஸைக் கையில் கொடுக்காமல் வங்கி வழியாக அனுப்புங்கள்.

எழுதிக் கேட்டால் வீட்டுக்காரர் சங்கடப்படுவாரோ என்று தயங்க வேண்டாம். இப்போது இருக்கும் வீட்டுக்காரரிடம் மாஷ் கதையைச் சொல்லி, "உங்க பிள்ளைக்கும் என் பிள்ளைக்கும் தெரியணுமில்லையா, அதுக்குத்தான்" என்றேன். அவரே மகனைக் கூப்பிட்டுச் சாட்சிக் கையெழுத்துப் போடச் சொன்னார்.